பொடிசுகளோடு பாறைக்குன்று ஏற: வடசென்னைப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

திருவொற்றியூரிலோ வியாசர்பாடியிலோ வளரும் பிள்ளைக்குக் கண்ணெட்டும் தூரத்தில் உயரமாக இருப்பவை மேம்பாலமும் எண்ணூர்ப் பக்கத்துப் புகைபோக்கிகளும்தான். கொடுங்கையூர்க் குப்பைமேட்டைக் கணக்கில் சேர்க்கவில்லை. நிஜக் குன்று வேண்டுமென்றால் ஒன்றரை, இரண்டு மணி நேரம் பயணம் செய்யவேண்டும். அவ்வளவு தூரம் போய்விட்டு "இது நமக்குச் சரிப்படாது" என்று திரும்ப யாருக்கும் மனசு வராது. விபத்துகள் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகின்றன. ஆகவே தேர்வை வீட்டிலேயே முடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

இங்கே பேசுவது படிக்கட்டும் வெட்டிய பாதையும் இல்லாத சிறு பாறைக்குன்றுகளைப் பற்றி. 5 முதல் 10 வயதுப் பிள்ளைகள் அங்கங்கே கையையும் ஊன்றி ஏறுகிற இடங்கள். கயிறு கட்டி ஏறுவதும், காட்டுக்குள் நாள் முழுக்க நடப்பதும் வேறு சமாச்சாரம். ஒரு இடத்தைப் பார்த்ததும் "இதில் ஏறுவானா?" என்று கேட்காதீர்கள். ஏறிவிடுவான். "இதே இடத்தில் தானாக இறங்குவானா?" என்று கேளுங்கள். கீழே வரும் எல்லாமே அந்தக் கேள்வியைச் சுற்றித்தான்.

1. முதலில் கழிக்கவேண்டியதைக் கழியுங்கள்

காப்புக்காடு. சென்னையைச் சுற்றியுள்ள குன்றுகளில் நிறைய வனத்துறைக் கையில் இருக்கின்றன. வேலி இல்லை, ஆள் இல்லை என்பதால் அனுமதி உண்டு என்று ஆகாது. அனுமதியில்லாமல் நுழைவது வனச் சட்டப்படி குற்றம். 2018 குரங்கணித் தீக்குப் பிறகு மலையேற்றத்துக்கென்றே மாநில அரசு தனி விதிகள் போட்டிருக்கிறது. "எங்க பசங்க போனாங்க, யாரும் ஒண்ணும் சொல்லலை" என்று நண்பர் சொல்வது அனுமதிச் சீட்டு ஆகாது.

கல்குவாரி. பல்லாவரம், திரிசூலம், திருநீர்மலை, நன்மங்கலம் பக்கங்களில் குன்றுபோலத் தெரிவதில் பாதி, வெட்டி எடுத்த குவாரியின் மிச்சம். வெடிவைத்த பாறை உள்ளுக்குள் விரிசல் விட்டிருக்கும். பிடித்த கல் கையோடு வரும். அடியில் தேங்கிய பச்சைத் தண்ணீர் எவ்வளவு ஆழம் என்று கரையில் நின்று சொல்ல முடியாது. ஓரம் செங்குத்து, விழுந்தால் ஏறப் பிடிமானம் கிடையாது. குன்றின் ஒரு முகம் மட்டும் கத்தியால் வெட்டியதுபோல நேராக இருந்தால் குவாரி என்று எடுத்துக்கொண்டு பட்டியலில் இருந்து அடித்துவிடுங்கள்.

அருவி. மாதவரத்திலிருந்து ஜிஎன்டி சாலையைப் பிடித்தால் தடா பக்கம் சுலபம் என்பதால் நம் ஏரியாக்காரர்களுக்கு முதலில் தோன்றுவது அங்கே போகலாம் என்பதுதான். சின்னப் பிள்ளைகளோடு வேண்டாம். ஓடைப் பாறையில் பாசி, பாறைக்கு நடுவே ஆழமான மடு, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் மூன்றும் ஒரே இடத்தில். நாகலாபுரம் பக்கம் ஆந்திர வனத்துறை அனுமதி இல்லாமல் காலே வைக்காதீர்கள். செம்மரக் கடத்தலுக்காகக் கண்காணிப்பு கடுமையாக இருக்கும் வட்டாரம் அது. தமிழ்நாட்டு வண்டியும் தமிழ்ப் பேச்சுமாகக் காட்டுக்குள் அகப்பட்டால் விளக்கம் சொல்லியே பொழுது போய்விடும்.

தூண்டில் வளைவு. இதைத் தனியாகச் சொல்லவேண்டும். காசிமேடு, ராயபுரம், எண்ணூர் விரைவுச் சாலை ஓரத்தில் கடலுக்குள் கொட்டியிருக்கும் கருங்கற்களைப் பார்த்து "இங்கேயே பழக்கலாமே" என்று நினைக்கிறவர்கள் உண்டு. அவை அலையைத் தடுக்கக் கொட்டியவை, ஒன்றோடொன்று ஒட்டியவை அல்ல. பெரிய கல்லும் காலடியில் ஆடும். இடுக்கில் பிள்ளையின் கால் முழங்கால் வரை போகும். அலை நனைக்கும் உயரம் முழுக்கப் பாசியும், கல்லில் ஒட்டி வளரும் கூரான ஓட்டுயிரான கொட்டலசும். பழக்க வேறு இடம் இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

2. வரைபடத்தில் சரிவைப் படியுங்கள்

இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடத்தை இணையத்தில் பதிவு செய்து இறக்கிக்கொள்ளலாம். இதில் 1 மில்லிமீட்டர் என்பது தரையில் 50 மீட்டர். ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் சமவுயரக் கோடுகள் 20 மீட்டர் உயரத்துக்கு ஒன்று. இந்த இரண்டையும் வைத்துச் சரிவைக் கணக்கிடலாம்:

கோட்டுக்குக் கோடு 2 மில்லிமீட்டர் இருந்தால் சரிவு சுமார் 11 பாகை (டிகிரி). பிள்ளை ஓடியே ஏறும்.
1 மில்லிமீட்டர் இருந்தால் சுமார் 22 பாகை. குன்றின் மொத்தச் சரிவுக்கு நம் உச்சவரம்பு இதுதான்.
0.7 மில்லிமீட்டருக்குக் கீழே, கோடுகள் ஒட்டினாற்போலத் தெரிந்தால் 30 பாகைக்கு மேல். விட்டுவிடுங்கள்.

அதே தாளில் 'ஆர்எஃப்' என்று எழுதிய பச்சைப் பகுதி காப்புக்காடு. முதல் படியில் சொன்ன வடிகட்டலை இங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

வரைபடத்தை முழுதும் நம்பவும் கூடாது. இரண்டு கோட்டுக்கு நடுவே 15 மீட்டர் செங்குத்துப் பாறை ஒன்று ஒளிந்திருந்தாலும் தாளில் தெரியாது. அது நான்கு மாடிக்கும் அதிகம். கூகுள் எர்த்தின் முப்பரிமாணக் காட்சியும் அப்படியே: பஸ் அளவு உருண்டைக்கல்லைக்கூட மழமழவென்று தேய்த்து மேடாகக் காட்டும். குன்றைக் கழிக்க வரைபடம் போதும். தேர்ந்தெடுக்க நேரில் போய்த்தான் ஆகவேண்டும்.

தரம் பிரிக்க ஒரு அளவுகோல் வேண்டுமென்றால், அமெரிக்க மலையேறிகள் பயன்படுத்தும் யோசெமிட்டி வரிசை உதவும். 1 என்றால் வெறும் நடை. 2 என்றால் சமநிலைக்கு எப்போதாவது கை. 3 என்றால் கை இல்லாமல் ஏற முடியாது. 4 என்றால் விழுந்தால் உயிருக்கே ஆபத்து. 5 கயிறு கட்டி ஏறுவது. சின்னப் பிள்ளைக்கு 2 போதும். கீழே சமதரை இருக்கும் இடத்தில், அவன் உயரத்துக்கு மேற்படாத அளவில், 3ஐ ருசி பார்க்கலாம். நம்மூரில் 'ஈஸி டிரெக்' என்று போடுவது நடைத் தூரத்தைப் பொறுத்த சொல். பாறைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

3. பிள்ளை இல்லாமல் ஒருமுறை போய்ப் பாருங்கள்

தவிர்க்கவே கூடாத படி இது. செலவும் அதிகமில்லை, ஒரு ஆள் பைக்கில் போய்வரும் பெட்ரோல்தான். பிள்ளைகளோடு போகப்போகும் அதே நேரத்துக்குப் போங்கள். காலை 8 மணிக்குக் குளுகுளுவென்று இருக்கும் பாறை 11 மணிக்குத் தோசைக்கல். போனில் தடப்பதிவைப் போட்டு வையுங்கள், ஆஃப்லைன் வரைபடத்தையும் முன்பே இறக்கி வைத்திருங்கள். போனபின் பார்க்கவேண்டியவை:

சரிவு. போனில் 'லெவல்' வசதி இருக்கும். போனைப் பாறைமேல் படுக்கவைத்தால் பாகை காட்டும். நீங்கள் அன்றாடம் ஏறும் மாடிப்படி ஏறக்குறைய 30, 35 பாகை. அதே சரிவில் படியே இல்லாத மொட்டைப் பாறையை நினைத்துப் பாருங்கள். எந்த எண்ணில் நிறுத்தவேண்டும் என்று புரியும். காய்ந்த கருங்கல்லில் ரப்பர் அடி செருப்போடு 20 பாகை வரை பிள்ளை நிமிர்ந்து நடக்கும். 25ஐத் தாண்டினால் தானாகக் கை தரைக்குப் போகும். 30 முடிவு.

பாறையின் நிறம். மொட்டைப் பாறையில் மேலிருந்து கீழாகக் கறுப்புக் கோடுகள் இறங்கியிருக்கும். அது மழைத்தண்ணீர் வழிந்த தடம், காய்ந்த நுண்பாசி. வெயிலில் சொரசொரவென்றுதான் இருக்கும். நான்கு சொட்டுத் தண்ணீர் பட்டால் சோப்பு. பாட்டில் தண்ணீரைக் கொஞ்சம் அதன்மேல் ஊற்றி விரலால் தேய்த்துப் பாருங்கள். ஊருக்கே பழக்கமான பாறைகளில் வேறொரு தொல்லை: ஆயிரக்கணக்கானோர் சறுக்கி விளையாடியே பாறை பளபளவென்று மெருகேறியிருக்கும். மாமல்லபுரத்தில் வெண்ணெய் உருண்டைப் பாறைச் சரிவு அப்படித்தான். கண்ணாடிபோல மின்னும் இடத்தைச் சுற்றிப்போங்கள்.

தோல் உரியும் பாறை. கருங்கல் வெங்காயம் உரிவதுபோலத் தகடு தகடாகக் கழலும். கைக்கல் ஒன்றால் தட்டுங்கள். கெட்டியான பாறை 'டங்' என்று பதில் சொல்லும். அடியில் கழன்ற தகடு 'டொப்' என்று பொள்ளலாக ஒலிக்கும். அதில் பிள்ளையின் கையோ காலோ படக்கூடாது. மொட்டைப் பாறைமேல் சிதறிக் கிடக்கும் சரளையும் அதே அளவு மோசம்: கோலி உருட்டிவிட்டாற்போலக் கால் வழுக்கும்.

படியின் உயரம். ஒவ்வொரு பாறைத் தட்டையும் பிள்ளையின் உடம்பால் அளந்துகொள்ளுங்கள். இடுப்பு உயரம் வரை அவனே ஏறி இறங்குவான். மார்பு உயரம் என்றால் பெரியவர் கீழே நிற்கவேண்டும். தலைக்கு மேல் என்றால் வேறு வழி பாருங்கள். கிளம்புமுன் பிள்ளையின் இடுப்பு, மார்பு உயரங்களைக் கைத்தடியிலோ குடையிலோ டேப் ஒட்டிக் குறித்துக்கொண்டு போனால் அங்கே ஊகிக்கவேண்டியதில்லை.

விழுந்தால் எங்கே போய் நிற்பான்? இதை ஒவ்வொரு தட்டிலும் கேளுங்கள். கீழே சமதரையோ பள்ளமான தொட்டியோ இருந்தால் முட்டி சிராய்க்கும், அவ்வளவுதான். கீழே சரிவும் சரிவுக்கு அப்பால் விளிம்பும் இருந்தால், தட்டு எவ்வளவு சின்னதானாலும் அந்த வழி வேண்டாம்.

இறங்கும் வழி. ஏறிய வழியே நீங்கள் இறங்கிப் பாருங்கள், முகத்தைப் பாறைப் பக்கம் வைத்து. மேலிருந்து பார்த்தால் கால் வைத்த இடம் கண்ணில் படாது. ஏறும்போதே நாலைந்து இடங்களில் மூன்று கல்லை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அடையாளம் வையுங்கள். திரும்பும்போது கலைத்துவிடுங்கள். சுண்ணாம்பு, பெயிண்ட் அம்புக்குறி எல்லாம் வேண்டாம்.

நடுவில் தப்பிக்கும் வழி. பிள்ளைக்கு அவசரமாக வயிற்றைக் கலக்கினால், அழுது அடம்பிடித்தால், எந்தெந்த இடத்திலிருந்து பத்து நிமிடத்தில் கீழே வரலாம்? பாதி உயரத்தில் அப்படி ஒரு வழியாவது இல்லாத குன்று குடும்பத்துக்கு ஏற்றதல்ல.

4. பிள்ளையின் அளவு

3, 4 வயதில் குன்று வேண்டாம். முட்டி உயரக் கல்லில் ஏறி இறங்கி விளையாடினாலே போதும். முதுகில் சுமந்துகொண்டு பாறை ஏறாதீர்கள். உங்கள் சமநிலை மாறிவிடும், விழுந்தால் இருவரும் விழுவீர்கள். 5, 6 வயதுக்கு 50 மீட்டர் உயரம், ஏற ஒரு மணி நேரம். 7 முதல் 10 வரை 100 மீட்டர், பழகியபின் 150. பாறையில் கை ஊன்றும் இடங்களில் ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர். இரண்டு குடும்பம் சேர்ந்து போனாலும் இந்தக் கணக்கு மாறாது. "பெரியவன் தம்பியைப் பார்த்துக்குவான்" என்பதை இங்கே சேர்க்காதீர்கள்.

வீட்டில் பழக்க: மாடிப்படியில் முகத்தைப் படிப் பக்கம் வைத்து, கையும் காலுமாகப் பின்னோக்கி இறங்கச் சொல்லுங்கள். பரண் ஏணியில் மூன்றாவது படியிலிருந்து இறங்குவது அடுத்தது. பூங்காவில் கம்பி ஏணி இருக்கும். ஏறுவதை விட்டு இறங்குவதை மட்டும் கவனியுங்கள். கீழே பார்க்காமல் காலால் துழாவி நிற்கிற பிள்ளைக்கு இன்னும் கொஞ்ச நாள் தேவை. காலைத் திரும்பிப் பார்த்து வைக்கிற பிள்ளை தயார்.

5. எங்கே தொடங்கலாம்

மாமல்லபுரம். முதல் இடம் இதுதான், வேறு யோசனையே வேண்டாம். அர்ச்சுனன் தபசுக்குப் பின்னால் கலங்கரை விளக்கம் வரை நீளும் குன்றில் மொட்டைப் பாறை, உருண்டைக்கல், இடுக்கு எல்லாம் உண்டு; எங்கிருந்தும் சில நிமிடத்தில் கீழே வந்துவிடலாம். கழிப்பறை, தண்ணீர், சாப்பாட்டுக் கடை பக்கத்திலேயே. தொல்லியல் துறைச் சீட்டு பெரியவருக்கு 40 ரூபாய், 15 வயது வரை இலவசம், காலை 6 முதல் மாலை 6 வரை. செதுக்கிய பாறை, மண்டபக் கூரை, வேலி போட்ட இடம் எதிலும் ஏறக்கூடாது. காவலர் விசில் அடித்தால் வாக்குவாதம் வேண்டாம், இறங்கிவிடுங்கள். இயற்கைப் பாறைக்குப் பஞ்சமே இல்லை.

திருக்கழுக்குன்றம். இது பாறை ஏற்றம் அல்ல, கால் பலத்துக்கான பரீட்சை. வேதகிரீசுவரர் கோயிலுக்கு 550க்கும் மேற்பட்ட படிகள். "தூக்கு" என்று கேட்காமல் ஏறி, துள்ளாமல் இறங்குகிற பிள்ளைக்கு 100 மீட்டர்க் குன்று தாங்கும். கோயில் படி என்பதால் வெறுங்காலில் ஏறவேண்டும்; வெயில் ஏறுமுன் முடித்துவிடுங்கள். செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகும் வழியிலேயே இருப்பதால் இரண்டையும் ஒரே நாளில் செய்யத் தோன்றும். பிள்ளைக் கால் அதைத் தாங்காது.

குடியம் குகைகள். பூண்டிக்கு அருகே, நம் பக்கத்திலிருந்து செங்குன்றம் வழியாகப் போகலாம். அரசின் 'டிரெக் தமிழ்நாடு' தளத்தில் முன்பதிவு செய்துகொண்டு வனத்துறை ஏற்பாடு செய்யும் வழிகாட்டியோடுதான் போகவேண்டும். பெரும்பாலும் புதர்க்காட்டு நடை. குகையின் பாறை கூழாங்கல்லும் மண்ணும் சேர்ந்து இறுகியது. பிடித்த கூழாங்கல் பல் கழன்றதுபோலக் கையோடு வரும். சுவரில் ஏறவிடாதீர்கள். பாதையை விட்டு விலக வழிகாட்டி விடமாட்டார், அது நல்லதுதான். கூட்டமாக வரிசையில் நடக்க, சொன்னால் நிற்க, தன் பையைத் தானே சுமக்கப் பிள்ளை இங்கே பழகும்.

செஞ்சி. இரண்டாவது வருடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். திண்டிவனத்திலிருந்து மேற்கே 28 கிலோமீட்டர். வடசென்னையிலிருந்து எப்படிப் போனாலும் நான்கு மணி நேரம் ஆகிவிடும், ஆகவே முதல் நாளே போய்த் தங்குவது உத்தமம். ராஜகிரி உச்சியைக் குறிவைக்காதீர்கள். படிதான் என்றாலும் நீளம், வெயில், குரங்கு மூன்றும் சேர்ந்து பிள்ளையைச் சோர்த்துவிடும். கிருஷ்ணகிரி பக்கம் உயரம் குறைவு, கூட்டமும் குறைவு. இதுவும் தொல்லியல் துறை இடம், 2025இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்திருக்கிறது. ஆகவே கோட்டைச் சுவரில் ஏறுவது இங்கேயும் கூடாது.

திருவண்ணாமலை மாவட்டத்துப் பர்வதமலையைப் பற்றிக் கேட்பீர்கள். பாறையில் கடப்பாரை அடித்து அமைத்த படியும் இரும்பு ஏணியும் உள்ள மலை. பத்து வயதுக்குள் வேண்டாம், அவ்வளவுதான்.

6. கையில் இருக்கவேண்டிய தாள்கள்

பெரியவர்கள் ஒவ்வொருவருக்கும் அசல் புகைப்பட அடையாள அட்டை. பிள்ளைக்கு ஆதார், ஐந்து வயதுக்குள் என்றால் நீல நிறப் பால ஆதார். உயரமான பிள்ளையாக இருந்தால் சீட்டு கவுன்டரில் வயதைக் கேட்பார்கள், பள்ளி அடையாள அட்டையின் நகல் போதும்.

அரசு டிரெக்கிங் பாதைக்கு 18 வயதுக்குட்பட்டவர்களுக்குப் பெற்றோரின் ஒப்புதல் கடிதம் தேவை. 10 வயதுக்குட்பட்டவர்கள் எளிய பாதையில் மட்டும், பெற்றோரோ பாதுகாவலரோ உடன்வர. பதிவு செய்த பெயரும் அடையாள அட்டைப் பெயரும் ஒன்றாக இருக்கட்டும். இனிஷியல் முன்னே, பின்னே என்று மாறினால் காலை ஆறு மணிக்கு அங்கே நின்று விளக்கவேண்டிவரும்.

பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் அழைத்துப்போகிறீர்களா? அதன் பெற்றோரிடம் ஒரு தாள் எழுதி வாங்குங்கள்: எங்கே, எந்தத் தேதி, யாரோடு, தொலைபேசி எண் இரண்டு, ரத்த வகை, ஒவ்வாமை, அவசரச் சிகிச்சைக்குச் சம்மதம், கையெழுத்து. வாய்ச்சம்மதம் மருத்துவமனையில் செல்லாது. காப்பீட்டு அட்டை இருந்தால் அதையும் படமெடுத்து போனில் வையுங்கள். எல்லாவற்றின் நகலும் ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் இருக்கட்டும். வியர்வையில் நனைந்த ஆதாரை யாராலும் படிக்க முடியாது.

7. செருப்பு, சாமான், செலவு

பணம் போடவேண்டிய ஒரே இடம் செருப்பு. பள்ளிக்கூட வெள்ளை ஷூவில் பலவற்றுக்கு அடி பிளாஸ்டிக், பாறையில் சறுக்கும். கடையில் அடியை நகத்தால் அழுத்துங்கள். நகம் பதிந்து மீண்டால் ரப்பர். பதியாமல் வழுக்கினால் வாங்காதீர்கள். நனைந்த மொசைக் தரையில் நின்று முன்னே தள்ளிப் பார்த்தாலும் தெரியும். 'வளர்ற பிள்ளை' என்று ஒரு அளவு பெரிதாக எடுப்பது நம் வழக்கம். இங்கே அது ஆகாது: இறங்கும்போது கால் முன்னே வழிந்து விரல் நசுங்கும். குதிகாலுக்குப் பின் சுண்டுவிரல் நுழையும் இடம் போதும்.

தலைக்குச் சைக்கிள் ஹெல்மெட், 500 முதல் 1,000 ரூபாய்க்குக் கிடைக்கும். பைக் ஹெல்மெட் கனம். பக்கவாட்டுப் பார்வையை மறைக்கும், கழுத்தைச் சாய்க்கும்.

கயிறு வேண்டாம். காசிமேட்டில் நல்ல நைலான் கயிறு கிடைக்கிறதே, பிள்ளை இடுப்பில் ஒரு முனை, நம் இடுப்பில் ஒரு முனை என்று கட்டிவிட்டால் பத்திரம்தானே என்று தோன்றும். மேலே பாறையில் ஒழுங்காக நங்கூரம் போடாமல் கட்டிய கயிறு ஒருவர் விழுந்தால் மற்றவரையும் இழுத்துக்கொண்டு போகும். கயிறு தேவைப்படும் இடம் என்றாலே நம் பட்டியலில் இல்லாத இடம்.

தண்ணீர் பிள்ளைக்கு ஒரு லிட்டர், பெரியவருக்கு இரண்டு. மூன்று மணி நேரத்துக்குக் கணக்கு அது. உப்புக்கரைசல் பொடி இரண்டு பாக்கெட். அட்டைப் பெட்டியில் வரும் இனிப்பு பானம் அதற்கு ஈடல்ல. தவிர, கிரேப் பேண்டேஜ் ஒன்று, கிருமிநாசினி, பஞ்சு, முள் எடுக்க ட்வீசர், முழுக்கால் பேன்ட், ஆளுக்கொரு விசில். சீமைக்கருவேல முள் மெல்லிய ஷூ அடியைத் துளைத்துக்கொண்டு வரும், ட்வீசரை மறக்காதீர்கள்.

செலவு, பெரியவர் இருவர், பிள்ளைகள் இருவர், மாமல்லபுரம் போய்வர: விம்கோ நகர்ப் பக்கம் இருப்பவர்கள் மெட்ரோவில் கிண்டி, அங்கிருந்து செங்கல்பட்டு மின்சார ரயில், பிறகு பஸ். ராயபுரம், தண்டையார்பேட்டைக்காரர்கள் பீச் ஸ்டேஷனிலேயே ஏறிவிடலாம். பீச்சிலிருந்து என்றால் போகவர 500 ரூபாய்க்குள் முடியும். சொந்தக் கார் என்றால் சுமார் 140 கிலோமீட்டர், லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுத்தால் ஒன்பது பத்து லிட்டர், ஆயிரம் ரூபாய் வாக்கில்; டோலும் பார்க்கிங்கும் தனி. நுழைவு 80. சாப்பாடு உங்கள் பிள்ளைகளைப் பொறுத்தது.

8. எந்த மாதம், எத்தனை மணிக்கு

டிசம்பர் பாதியிலிருந்து பிப்ரவரி பாதி வரை. அக்டோபர், நவம்பர் வடகிழக்குப் பருவமழை. பாறை காயவே காயாது. மழை விட்டு முழுசாக இரண்டு நாள் வெயில் அடித்திருக்கவேண்டும். காட்டுத்தீ அபாயத்துக்காக அரசு டிரெக்கிங் பாதைகளைப் பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை மூடிவிடுகிறார்கள், குடியத்துக்கு அதற்குள் பதிவு செய்யுங்கள். மார்ச்சுக்குப் பிறகு பிள்ளைகளோடு பாறைப் பக்கமே போகவேண்டாம்.

போகிப் பண்டிகை அன்று கிளம்பாதீர்கள். நம் பக்கத்துப் புகையும் பனியும் சேர்ந்து சாலையே தெரியாது.

தை மாதத்தில் சூரியன் ஆறரைக்கு மேல்தான் உதிக்கும். 'விடியற்காலையே ஏறிவிடலாம்' என்பதில் ஒரு சிக்கல்: பனி விழுந்த மொட்டைப் பாறை ஏழரை, எட்டு வரை ஈரமாக இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. உள்ளங்கையை அழுத்தி எடுத்துப் பாருங்கள், பிசுபிசுத்தால் காத்திருங்கள். எனவே 5 மணிக்கு வீட்டை விட்டு, 7 மணிக்கு இட்லி, 8க்கு ஏற்றம், பத்தரைக்குக் கீழே. பதினொன்றுக்குமேல் யாரும் பாறைமேல் இருக்கக்கூடாது.

எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்கிட: பெரியவர்களுக்கு மலையேறிகள் போடும் நெய்ஸ்மித் கணக்கு மணிக்கு 5 கிலோமீட்டர், அதோடு 600 மீட்டர் உயரத்துக்கு ஒரு மணி நேரம். அரை கிலோமீட்டர் தூரமும் 100 மீட்டர் உயரமும் உள்ள குன்றுக்கு 16 நிமிடம் வரும். பாதையில்லாப் பாறையில் பிள்ளைகளோடு மூன்றால் பெருக்குங்கள்: ஏற 50 நிமிடம். இறங்கவும் அதே 50. இறங்க நேரம் குறையும் என்று நினைப்பதுதான் எல்லாரும் விழும் குழி.

9. பாறைமேல் நடத்தும் விதம்

பெரியவர் எப்போதும் பிள்ளைக்குக் கீழ்ப்பக்கம். ஏறும்போது பின்னால், இறங்கும்போது முன்னால். இரண்டு கையையும் பிள்ளையின் இடுப்புக்குப் பின்னால் தொடாமல் ஏந்தி வையுங்கள்; தொட்டுக்கொண்டே இருந்தால் சாய்ந்துகொள்ளப் பழகிவிடும்.

கையைப் பிடித்து மேலே இழுக்காதீர்கள். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு முழங்கை எலும்பு வெடுக்கென்று மூட்டிலிருந்து நழுவும். வலியில் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு அழுதால் அதுவாகத்தான் இருக்கும். நீங்களே திருகிப் பார்க்காமல் மருத்துவரிடம் போங்கள். உதவி தேவைப்பட்டால் காலடியில் உங்கள் கையையோ முட்டியையோ படியாகக் கொடுங்கள், அல்லது அக்குளுக்குக் கீழே இரண்டு கையாலும் தாங்குங்கள்.

பிள்ளைக்கு மூன்று உத்தரவு போதும். இரண்டு கை, இரண்டு கால் இந்த நான்கில் மூன்று எப்போதும் பாறையில் இருக்கணும். கண்ணுக்குத் தெரியாத இடுக்கில் கையை விடாதே. விசில் ஒன்று ஊதினால் நின்ற இடத்தில் உட்கார். ஒரு பிள்ளைக்கு நேர் கீழே இன்னொரு பிள்ளை ஏறாதபடி பக்கவாட்டில் விலக்கி நடத்துங்கள். உருண்டு வரும் கல் எலுமிச்சம்பழ அளவே இருந்தாலும் பல்லைப் பெயர்க்கும். மேலிருந்து கல் உருட்டி விளையாடுவது முதல் நாளே தடை.

குந்தி உட்கார்ந்து சறுக்கி இறங்கப் பிள்ளைகளுக்கு ஆசை. பேன்ட் கிழிவது பெரிதில்லை, வேகம் கூடிவிட்டால் நிறுத்த முடியாது. 20 பாகைக்கு மேல் முகத்தைப் பாறைப் பக்கம் திருப்பி இறங்கச் சொல்லுங்கள், ஒவ்வொரு காலையும் எங்கே வைப்பது என்று கீழிருந்து குரல் கொடுங்கள். "இன்னும் கொஞ்சம் இடது, ஆங், அங்கேதான்." அந்தக் குரலில் பதற்றம் இருந்தால் அது பிள்ளைக் காலுக்கு வந்துவிடும்.

10. தேனீ, பாம்பு, குரங்கு

மலைத்தேனீ பாறை முகட்டின் அடியில் கறுப்பாக அரைவட்டமாகத் தொங்கும். முன்கூட்டிப் போகும்போதே அண்ணாந்து பார்த்து வையுங்கள். கண்டால் அந்தப் பக்கம் முழுதும் வேண்டாம். சென்ட், புகை, கல்லெறிதல், கூச்சல் கூடாது. கலைந்துவிட்டால் பிள்ளை முகத்தைத் துணியால் மூடித் தூக்கிக்கொண்டு விலகுங்கள், கையால் அடிக்காதீர்கள். கொடுக்கை நகத்தால் சுரண்டி உடனே எடுங்கள். பத்துக்கு மேல் கொட்டியிருந்தாலோ, உதடு வீங்கினாலோ, மூச்சு இழுத்தாலோ நேராக மருத்துவமனை.

குளிர்காலக் காலையில் பாம்பு வெயில் காயப் பாறைமேல் வரும். சுருட்டை விரியன் சின்னது, கல்லடியில் மண் நிறத்தில் கிடக்கும். கடித்தால் கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். கடிபட்ட கை காலை அசையாமல் ஒரு கட்டையோடு சேர்த்து வைத்து, பிள்ளையை நடக்கவிடாமல் தூக்கி இறக்கி, 108க்கு அழையுங்கள். விஷமுறிவு மருந்துக்கு அரசு மருத்துவமனைதான் நம்பிக்கையான இடம்: மாமல்லபுரம், திருக்கழுக்குன்றம் பக்கம் என்றால் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, குடியம் பக்கம் என்றால் திருவள்ளூர். ஸ்டான்லிக்கே கொண்டுபோகலாம் என்று வீடுவரை வண்டியை விரட்டாதீர்கள்.

குரங்கு, பிளாஸ்டிக் கவரைப் பார்த்தால் வரும். தின்பண்டம் துணிப்பைக்குள் இருக்கட்டும், பிள்ளை கையில் கொடுக்காதீர்கள். பறித்தால் விட்டுவிடச் சொல்லுங்கள். கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே வெறிநோய்த் தடுப்பூசி.

11. திரும்பும் நேரத்தைக் கீழேயே சொல்லிவிடுங்கள்

ஒன்பதே காலுக்கு எங்கே நின்றாலும் திரும்புகிறோம் என்று ஏறுமுன்னரே பிள்ளைகளிடம் சொல்லுங்கள். மேலே போய்ச் சொன்னால் பேரம் பேசுவார்கள். மணிக்கு முன்பே திரும்பவேண்டிய அடையாளங்களும் உண்டு: அதுவரை வாயாடிக்கொண்டிருந்த பிள்ளை பேச்சை நிறுத்துவது, அடுத்தடுத்து இரண்டு முறை இடறுவது, தண்ணீர் பாதிக்குக் கீழே போவது, மேற்கே மேகம் கறுப்பது. இதில் ஏதாவது ஒன்று போதும். கூட வந்த இன்னொரு குடும்பம் மேலே போகிறதே என்று பார்க்காதீர்கள். பிரிந்தால் யார் எத்தனை மணிக்கு எங்கே சந்திப்பது என்று பேசிக்கொண்டு இறங்குங்கள்.

வீட்டுக்கு வந்ததும் குளிக்கவிடுமுன் உள்ளங்கால், முட்டி மடிப்பு, காதுக்குப் பின்புறம் மூன்றிலும் முள்ளும் உண்ணியும் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். ஏற எடுத்த நேரத்தையும் இறங்க எடுத்த நேரத்தையும் ஒரு தாளில் குறித்து வையுங்கள். அடுத்த குன்றுக்கு மூன்றால் பெருக்குவதா நான்கால் பெருக்குவதா என்பதை அந்தத் தாளே சொல்லும்.